தூதரகம் தரும் பாதுகாப்பு எவ்வளவு தாங்கும்? மனித உரிமைக் காப்பாளர்களுக்கான ராஜதந்திரச் சேவை: ஒரு மதிப்புரை

ஆபத்தில் இருக்கும் மனித உரிமைக் காப்பாளர்களுக்கு எங்கள் தூதரகங்கள் துணை நிற்கும் என்று சொல்லும் ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் தன் வழிகாட்டு நெறிகளை ஏற்று, 2008 இல் திருத்தியது. நார்வே 2010 இலும் சுவிட்சர்லாந்து 2013 இலும் தத்தம் தூதரக அதிகாரிகளுக்கென்றே கையேடு எழுதின. கனடாவின் நெறிமுறை 2016 இல் வந்து 2019 இல் விரிந்தது. பிரிட்டனும் அதே 2019 இல் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் அடித்தளம், ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று ஏற்ற மனித உரிமைக் காப்பாளர் பிரகடனம். இந்த ஆவணங்களைக் கடையின் விலைப்பட்டியலாக வைத்துக்கொண்டு, பட்டியலில் இருப்பதில் எது கையில் கிடைக்கிறது, கிடைப்பதில் எது உழைக்கிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைந்துவிட வேண்டும். கைதான தன் நாட்டுக் குடிமகனைச் சிறையில் போய்ப் பார்க்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. துணைத்தூதரக உறவுகள் பற்றிய 1963 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36 ஆம் பிரிவு அதைத் தருகிறது. வேற்று நாட்டுக் குடிமகனுக்காக அந்த உரிமை கிடையாது. இரட்டைக் குடியுரிமை இருந்தாலும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. பஹ்ரைனின் அப்துல்ஹாதி அல்-கவாஜா டென்மார்க் குடியுரிமையும் உள்ளவர். 2011 இல் ஆயுள் தண்டனை பெற்ற அவர், டென்மார்க் எத்தனையோ முறை கேட்டும் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே இருந்தார். ஆக, ஒரு தூதரகம் உங்களுக்காகச் செய்வது எதுவும் உங்கள் உரிமை அல்ல, அவர்கள் விருப்பம். கேட்கும் முறையிலேயே பாதி வெற்றி இருக்கிறது என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்வது இதனால்தான்.

எதிர்த்தரப்பு எடுக்கும் ஆயுதமும் பழையதே. ராஜதந்திர உறவுகள் பற்றிய 1961 ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 41 ஆம் பிரிவு: தூதர்கள் தாங்கள் இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது. இதற்குப் பதில் 1993 இல் அதே வியன்னாவில் எழுதப்பட்டது. மனித உரிமைகளைக் காப்பது சர்வதேச சமூகத்தின் நியாயமான அக்கறை என்று உலக மனித உரிமை மாநாட்டுப் பிரகடனத்தின் 4 ஆவது பத்தி சொல்கிறது. கையெழுத்திட்ட உடன்படிக்கைகளை நினைவூட்டுவது தலையீடு ஆகாது என்பதே தூதரகங்களின் வழக்கமான வாதம். வாதம் சரி. அதைச் சொல்லும் துணிச்சல்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

யாரிடம் கேட்பது என்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். தூதருக்கு முகவரியிட்ட உருக்கமான கடிதம் பெரும்பாலும் வரவேற்பு மேசையைத் தாண்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுக்களில் காப்பாளர் தொடர்பு அதிகாரி என்றே ஒருவர் இருப்பார். மற்ற தூதரகங்களில் அரசியல் பிரிவைக் கேட்க வேண்டும். சின்னத் தூதரகம் என்றால் வர்த்தகம், பத்திரிகை, மனித உரிமை எல்லாவற்றையும் ஒரே இரண்டாம் செயலர் சுமந்துகொண்டிருப்பார். அவரும் மூன்று அல்லது நான்கு ஆண்டில் இடம் மாறிவிடுவார். ஐரோப்பியர்களின் மாற்றல் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். உங்கள் வழக்கின் முழு வரலாறும் அவர் தலையோடு விமானம் ஏறிவிடக்கூடும். இந்தச் சேவையின் மிகப் பெரிய உற்பத்திக் குறை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஜூன் மாதத்திலேயே, அடுத்து வருபவருக்கான கோப்பில் வழக்குச் சுருக்கத்தைச் சேர்த்தாயிற்றா என்று கேட்டு வைப்பது நல்லது. கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் மறந்துபோகிறது.

கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி. என்ன வேலை செய்கிறார் என்பது குறிப்பாக: ‘சமூகச் செயற்பாட்டாளர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது, ‘சுரங்கத்துக்கு எதிராக மூன்று ஊர்களின் சார்பில் வழக்குத் தொடுத்தவர்’ என்றால் விளங்கும். பிறகு நடந்தவை தேதிவாரியாக, வழக்கு எண், நீதிமன்றம், சட்டப் பிரிவுகள், அடுத்த விசாரணை நாள், வழக்கறிஞரின் எண், சிறையில் தேவைப்படும் மருந்து, இதுவரை வேறு யாரிடம் சொல்லியிருக்கிறது. கடைசியில் கோரிக்கை. ‘கண்டிக்க வேண்டும்’ என்பது கோரிக்கை ஆகாது. ‘வரும் 12 ஆம் தேதி காலை ஜாமீன் மனு வருகிறது, ஒரு அதிகாரி நேரில் வந்து உட்கார வேண்டும், முந்தின நாள் வெளியுறவு அமைச்சகத்துக்கு அதைத் தெரிவிக்க வேண்டும்’ என்பதே கோரிக்கை. அதிகாரி தன் மேலதிகாரியிடம் ஆம் அல்லது இல்லை என்று பதில் வாங்கக்கூடிய வடிவில் அது இருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒப்புதல் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. சம்பந்தப்பட்டவர் ஒப்புக்கொண்டாரா, அவரை அணுக முடியாத நிலையில் குடும்பம் அல்லது வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார்களா, எதை வெளியே சொல்லலாம், எதை மற்ற தூதரகங்களோடு மட்டும் பகிரலாம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். ரஷ்யா 2012 இலும் நிகரகுவா 2020 இலும் கொண்டுவந்த ‘வெளிநாட்டு முகவர்’ சட்டங்கள் போன்றவை உள்ள நாட்டில், தூதரகத்தோடு பேசியதே குற்றப்பத்திரிகையில் ஒரு வரியாக மாறலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வழக்கறிஞர். தூரத்தில் உட்கார்ந்து நல்லெண்ணத்தோடு மின்னஞ்சல் அனுப்பும் அமைப்பு அல்ல.

ஒரே தாளை ஒரே நாளில் மூன்று நான்கு தூதரகங்களுக்குக் கொடுங்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். பல தலைநகரங்களில் ஒத்த கருத்துள்ள தூதரகங்களின் மனித உரிமைக் குழு கூடிப் பேசும். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பெயர் ஏறுவதுதான் இலக்கு. தேர்வு செய்யும்போது, குரல் பெரிதாக உள்ள நாட்டைவிடக் கடன் கொடுத்த நாடும் சரக்கு வாங்கும் நாடும் அதிகம் பயன்படும். அவர்கள் மெதுவாகச் சொன்னாலும் காதில் விழும்.

போகிற வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூதரக வாசலில் நிற்கும் காவலர் அந்த நாட்டுக் காவல்துறை. யார் உள்ளே போனார் என்பது அவர் நோட்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கருத்தரங்கு, தேசிய நாள் விருந்து போன்ற கூட்டமான இடத்தில் சந்திப்பது கண்ணை உறுத்தாது. கைப்பேசியை நம்பவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் அஹமது மன்சூருக்கு 2016 இல் வந்த குறுஞ்செய்தி இணைப்பை, டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழுவான சிட்டிசன் லேப் ஆராய்ந்தபோதுதான் பெகாசஸ் உளவு மென்பொருள் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் 2017 இல் கைதாகி, 2018 இல் 10 ஆண்டு தண்டனை பெற்றார்.

இனிச் சரக்குகளைப் பார்ப்போம். இருப்பதிலேயே மதிப்பு மிக்கது நீதிமன்றப் பார்வையாளர் பணி. காசு செலவில்லை, தலைநகரின் அனுமதிக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் விளைவு நேரடியானது. அந்நிய நாட்டு அதிகாரி ஒருவர் முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் நாளில் காவலர்கள் கைதியைத் தள்ளுவது குறைகிறது, வழக்கறிஞர் பேச நேரம் கிடைக்கிறது, கைதியைக் குடும்பம் பார்க்க முடிகிறது.

சரியாகச் செய்யும் முறை இப்படி. விசாரணைக்குச் சில நாள் முன்பு வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு ராஜதந்திரக் குறிப்பு போக வேண்டும். அதில் அனுமதி கேட்கக் கூடாது, வருகிறோம் என்று தெரிவிக்க வேண்டும். விசாரணை சட்டப்படி பொதுவெளியில் நடப்பது என்றால், அனுமதி கேட்பது இல்லை என்று சொல்ல வாய்ப்புக் கொடுப்பது போலாகும். அதிகாரி ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தூதரகத்தின் ஆளாக இருக்க வேண்டும், காப்பாளரின் நண்பராக இருக்கக் கூடாது. நீதிபதியிடம் பேசக் கூடாது. வாசலில் நிருபர் கேட்டால் ‘விசாரணையைப் பார்க்க வந்தோம்’ என்பதற்கு மேல் ஒரு சொல் கூடாது. உள்ளே எழுத வேண்டியவை: தொடங்கிய நேரம், யார் யார் இருந்தார்கள், எந்த மனு ஏற்கப்பட்டது, எது தள்ளுபடி ஆனது, காரணம் சொன்னார்களா, கைதியின் உடல்நிலை எப்படித் தெரிந்தது. தீர்ப்பைப் பற்றிய கருத்து அந்தக் குறிப்பில் வேண்டாம்.

கெட்டுப்போகும் விதங்கள் பல. மிகச் சிறிய அறைக்கு வழக்கை மாற்றிவிட்டு இடமில்லை என்பார்கள். முதல் நாள் இரவில் தேதியை மாற்றுவார்கள். சாதாரண உடையில் சிலர் வந்து எல்லா இருக்கையையும் நிரப்பிவிடுவார்கள். சீன எழுத்தாளர் லியு சியாபோவின் விசாரணை 2009 டிசம்பர் 23 அன்று பெய்ஜிங்கில் நடந்தபோது பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் ராஜதந்திரிகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். இரண்டு நாளில் 11 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அப்படி நிறுத்தப்பட்டால் திரும்பிப் போய்விடக் கூடாது. யார், என்ன காரணம் சொல்லி, எத்தனை மணிக்கு மறுத்தார் என்று எழுதிக்கொண்டு, விசாரணை முடியும் வரை வாசலிலேயே நிற்க வேண்டும். வெளியே நிற்கும் ஐந்து தூதரக அதிகாரிகளின் படம் சில வேளை உள்ளே உட்கார்ந்திருப்பதைவிட அதிகம் பேசும்.

இன்னொரு குறை பார்வையாளர்களிடமே இருக்கிறது. முதல் நாள் பத்துப் பேர் வருவார்கள், ஆறாவது வாய்தாவுக்கு ஒருவரும் இருக்கமாட்டார். மேல்முறையீடு நடக்கும்போது வழக்கு நடப்பதே மறந்திருக்கும். அரசுத் தரப்புக்கும் இது தெரியும், அதனால்தான் வாய்தா வாங்கிக்கொண்டே போகிறது. தூதரகங்கள் முறை வைத்துக்கொண்டு வருவதே இதற்கு மருந்து. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று, குறிப்பு எல்லோருக்கும் பொது. அந்த அட்டவணையைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையைக் காப்பாளரின் அமைப்பே எடுத்துக்கொண்டால் நடக்கிறது.

அடுத்து, நேரில் போய்ப் பார்ப்பது. கொடி வைத்த வண்டி ஒரு அமைப்பின் அலுவலக வாசலில் அரை மணி நேரம் நிற்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அச்சுறுத்துபவர் உள்ளூர் அதிகாரியாகவோ கம்பெனியின் அடியாளாகவோ இருந்தால், இவர் தனி ஆள் இல்லை என்பது அவருக்குப் புரிகிற மொழி இதுதான். 1981 இல் தொடங்கிய பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் தொண்டர்கள், ஆபத்தில் இருப்பவரோடு ஆயுதமில்லாமல் உடன்செல்லும் பணியும் இதே கணக்கில்தான் நடக்கிறது. தொண்டருக்கு ஏதாவது ஆனால் அவருடைய தூதரகம் தொலைபேசியை எடுக்கும் என்ற பயமே கவசம்.

ஆனால் தலைநகரிலிருந்து பத்து மணி நேரப் பயணத்தில் நிலத்துக்கும் ஆற்றுக்கும் போராடுகிறவருக்கு இந்தச் சேவை எட்டுவது அரிது. ஹோண்டுராஸின் பெர்தா கசேரஸ் 2015 இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது பெற்று உலகம் அறிந்தவரானார். அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் 2009 லேயே அவருக்குப் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருந்தது. 2016 மார்ச் 2 அன்று அவர் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விருதும் உத்தரவும் காகிதத்தில் இருந்தன, இரவில் வீட்டுக்குக் காவலாக யாரும் இல்லை. ஒரு தூதரகத்தை எடைபோட வேண்டுமானால், கடந்த ஓராண்டில் தலைநகருக்கு வெளியே எத்தனை முறை இதற்காகவே போனார்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

அதிகம் விற்பனையாவதும் அதிகம் ஏமாற்றுவதும் பொது அறிக்கை. ஒரே சொல் என்றாலும் யார் பெயரில் வருகிறது என்பதைப் பொறுத்து எடை மாறும். உள்ளூர்த் தூதுக்குழுவின் அறிக்கை ஓரிரு நாளில் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் செய்தித் தொடர்பாளர் அறிக்கை அதற்கு மேல். ஒன்றியத்தின் சார்பில் வெளியுறவுக்கான உயர் பிரதிநிதி வெளியிடும் பிரகடனம் இன்னும் மேல், ஆனால் அதற்கு 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு தலையசைக்காவிட்டால் நின்றுவிடும். 2017 ஜூனில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் சீனாவைப் பற்றி ஒன்றியம் படிக்க இருந்த அறிக்கையைக் கிரீஸ் தடுத்தது நினைவிருக்கும். எனவே அவசரத்துக்குப் பெரிய அறிக்கையைக் கேட்காதீர்கள். கைதான முதல் 48 மணி நேரத்தில் ஒரு தூதர் அமைச்சகத்துக்குச் செய்யும் தொலைபேசி அழைப்பு, பத்து நாள் கழித்து வரும் 27 நாட்டுக் கவலையைவிட மேலானது. சித்திரவதை நடப்பது பெரும்பாலும் அந்த முதல் மணி நேரங்களில்தான்.

அறிக்கை தலைகீழாகத் திரும்பிய வரலாறும் உண்டு. சவுதியில் கைதான பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் சமர் பதாவியையும் மற்றவர்களையும் உடனே விடுதலை செய்யுங்கள் என்று கனடா 2018 ஆகஸ்டில் ட்விட்டரில் எழுதியது. தூதரகம் அதையே அரபியிலும் போட்டது. சவுதி அரேபியா கனடாத் தூதரை 24 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது, புதிய வர்த்தகத்தை நிறுத்தியது, கனடாவில் படித்துக்கொண்டிருந்த தன் ஆயிரக்கணக்கான மாணவர்களைத் திரும்ப அழைத்தது. இரு நாட்டுக்கும் மீண்டும் தூதர்களை நியமிக்க முடிவானது 2023 மே மாதத்தில்தான். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வாரங்களில் கனடாவோடு சேர்ந்து உரக்கப் பேச நெருங்கிய நட்பு நாடுகள்கூட முன்வரவில்லை. தனியாகப் பேசுகிற நாட்டைத் தண்டிப்பது எளிது.

சேர்ந்து பேசினால்? துருக்கியில் 2017 அக்டோபரிலிருந்து சிறையில் இருந்த சமூகச் செயற்பாட்டாளர் ஒஸ்மான் கவாலாவை விடுவிக்கச் சொல்லி, 2021 அக்டோபர் 18 அன்று பத்துத் தூதர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். பத்துப் பேரையும் வேண்டாதவர்களாக அறிவிக்கும்படி அதிபர் எர்தோவான் உத்தரவிட்டார். 41 ஆம் பிரிவை மதிக்கிறோம் என்று தூதரகங்கள் ஒரு வரி எழுதியதும் விவகாரம் அடங்கியது. தூதர்கள் தப்பினார்கள். கவாலாவுக்கு 2022 ஏப்ரல் 25 அன்று கடுங்காவல் ஆயுள் தண்டனை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 டிசம்பரிலேயே அவரை உடனே விடுவிக்கச் சொல்லியிருந்தும் இதுதான் நடந்தது. ஒரு வழக்கு நாட்டுத் தலைவரின் சொந்த மானப் பிரச்சினை ஆகிவிட்டால் பத்துத் தூதர்களின் கையெழுத்தும் போதாது. அந்தக் கட்டத்தில் அறிக்கை கேட்பது நெருப்பில் நெய். மாறாக, கைது செய்தது கீழ்மட்டக் காவல் அதிகாரி, மேலிடத்துக்கு விஷயமே தெரியாது என்ற நிலையில் வெளிப்படையான பேச்சு வேலை செய்கிறது. சங்கடத்தைத் தவிர்க்க மேலிடமே ஆளை விட்டுவிடும். அறிக்கை கேட்குமுன் ஆராய வேண்டியது இதைத்தான்: கைது யாருடைய முடிவு?

அறிக்கை வேண்டாம், திரைமறைவில் பேசுகிறோம் என்று தூதரகம் சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். திரைமறைவு ராஜதந்திரம் சில வேளை உண்மையாகவே நடக்கிறது. சில வேளை ஒன்றும் செய்யாததற்கு அதுவே கௌரவமான பெயர். பிரித்தறிய மூன்று கேள்வி போதும். யாரிடம் பேசினீர்கள், எந்த மட்டத்தில்? எந்த நாளில்? பதில் என்ன வந்தது? விவரத்தைச் சொல்ல முடியாவிட்டாலும், ‘இந்த வாரம், இணை அமைச்சர் மட்டத்தில், பெயர் சொல்லிப் பேசினோம்’ என்று சொல்ல முடிய வேண்டும். ‘பொதுவாக மனித உரிமை பற்றி எழுப்பினோம்’ என்ற பதில், பெயர் உச்சரிக்கப்படவில்லை என்பதன் நாசூக்கான வடிவம்.

விசா. நெறிமுறைகளின் அழகான பக்கங்களும் கசப்பான அனுபவங்களும் இங்கேதான் முட்டிக்கொள்கின்றன. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாச் சட்டத்தில் இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று 24 ஆம் பிரிவு: பல முறை போய்வரும் விசா, ஐந்து ஆண்டு வரை தரலாம். மற்றது 25 ஆம் பிரிவு: வழக்கமான நிபந்தனைகள் நிறைவேறாவிட்டாலும் மனிதாபிமானக் காரணத்துக்காக, கொடுக்கும் நாட்டுக்குள் மட்டும் செல்லும் விசா. முதலாவதுதான் உண்மையான பாதுகாப்பு. ஆபத்து இல்லாத நாளிலேயே, ஒரு மாநாட்டுக்குப் போகும்போதே பல முறை செல்லும் விசாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், ஆபத்து வரும் இரவில் விமானச் சீட்டு மட்டும் போதும். எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கலாம். பெரும்பாலான அச்சுறுத்தல்கள் தணிய அது போதுமான காலம்.

இரண்டாவது கதவை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. தஞ்சம் கேட்கும் நோக்கத்தோடு வருபவருக்கு விசாச் சட்டப்படி அதைக் கொடுக்க உறுப்பு நாடுகளுக்குக் கடமை இல்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 மார்ச் 7 அன்று பெல்ஜியம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. திரும்பி வருவேன் என்று நிரூபிக்க வேண்டியவரும் திரும்பினால் ஆபத்து என்று நிரூபிக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் இந்த விண்ணப்பத்தின் முரண்.

நடைமுறையில் தடுக்குவது தனியார் விசா மையம். அங்கே இருப்பவருக்கு எந்த நெறிமுறையும் தெரியாது. வங்கிக் கணக்கும் சம்பளச் சான்றும் கேட்பார். கணக்கை அரசு முடக்கியிருக்கிறது என்பதற்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே அரசியல் பிரிவு அதிகாரி தன் தூதரகத்தின் விசாப் பிரிவுக்கு ஒரு உள்கடிதம் எழுத வேண்டும், விண்ணப்பத்தைத் தூதரகத்திலேயே நேரில் வாங்கச் சொல்ல வேண்டும். விசாக் கட்டணமான 90 யூரோவை மனிதாபிமானக் காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடம் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். கடவுச்சீட்டு பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்வதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் தேவை. பெரிய அரசியல் எல்லாம் பேசி முடித்த பிறகு, காலாவதியான கடவுச்சீட்டால் நின்றுபோகிற வழக்குகள் உண்டு. இணையரின் கடவுச்சீட்டையும் குழந்தைகளின் கடவுச்சீட்டையும் அன்றே எடுத்துப் பாருங்கள்.

தங்குமிடத் திட்டங்களில் நெதர்லாந்தில் 2012 இல் தொடங்கிய ஷெல்டர் சிட்டி பொதுவாக மூன்று மாதம் தருகிறது. ஓய்வும் பயிற்சியும் கிடைக்கும், ஊருக்குத் திரும்புவது என்ற எண்ணத்தோடு அமைந்தது. எழுத்தாளர், கலைஞர்களுக்கு நார்வேயின் ஸ்டவாங்கரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐகார்ன் நகரங்களின் வலைப்பின்னல் நீண்ட கால இடம் தருகிறது, ஆனால் வரிசை நீளம். நிரந்தரமாகக் குடியேற என்றால் கனடா 2021 இல் காப்பாளர்களுக்கென்றே தனி வழி திறந்தது. ஆண்டுக்கு 250 பேர், குடும்பத்தாரையும் சேர்த்து. 2023 இல் 500 ஆக்கினார்கள். திட்டம் நல்லது. ஒரு முக்கியமான நிபந்தனையை மட்டும் கவனிக்க வேண்டும்: விண்ணப்பிப்பவர் தன் நாட்டை விட்டு ஏற்கெனவே வெளியேறியிருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்று பரிந்துரைக்க வேண்டும். வெளியேறத் தடை விதிக்கப்பட்டவருக்கு அது தூரத்து நிலவு.

பணத்தைப் பொறுத்தவரை தூதரகத்தைவிட, அரசுகளின் நிதியில் இயங்கும் அமைப்புகளே வேகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2015 முதல் பன்னிரண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் புரொடெக்ட் டிஃபெண்டர்ஸ் அவசர உதவியாக 10,000 யூரோ வரை தருகிறது. டப்ளினில் 2001 இல் தொடங்கிய ஃப்ரன்ட் லைன் டிஃபெண்டர்ஸின் பாதுகாப்பு மானியம் 7,500 யூரோ வரை. வழக்கறிஞர் கட்டணம், மருத்துவம், வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா, சில மாதம் வேறு ஊரில் வாடகை எல்லாம் இதில் அடங்கும். பணம் எந்தக் கணக்கில் வரும் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததே வழக்காகும் நாடுகள் பல.

தூதரகத்துக்குள்ளேயே அடைக்கலம் புகுவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் இது விற்பனையிலேயே இல்லை. தூதரக வளாகத்துக்குள் உள்ளூர்க் காவல்துறை நுழைய முடியாது என்பது உண்மை, 1961 உடன்படிக்கையின் 22 ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போகும் சாலை அந்த நாட்டுடையது. பெருவின் அரசியல் தலைவர் ஆயா தெ லா தோரே 1949 ஜனவரியில் லிமாவிலுள்ள கொலம்பியத் தூதரகத்துக்குள் போனார், வெளியே வர 1954 ஆயிற்று. இடையில் சர்வதேச நீதிமன்றம் வரை போயும் பாதுகாப்பாக வெளியேறும் வழி கிடைக்கவில்லை. சட்டத்தைத் தானே கற்ற சீனாவின் பார்வையற்ற செயற்பாட்டாளர் சென் குவாங்செங் 2012 ஏப்ரலில் பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் தங்கியது ஏறக்குறைய ஆறு நாள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு மருத்துவமனைக்குப் போய், மே 19 அன்று நியூயார்க் விமானம் ஏறினார். அவருக்குக் கிடைத்தது பெரிய நாட்டுக் கதவும் அரிய நேரமும். முன்னுதாரணமாகக் கொள்ளத் தக்கதல்ல.

தூதரகங்களோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டியது மனித உரிமைக் காப்பாளர்களுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் வழி. 2020 இல் மேரி லாலர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அறிக்கையாளர் அரசுக்கு அனுப்பும் கடிதம் 60 நாள் ரகசியமாக இருந்து பிறகு பொதுவில் வரும். கடிதம் போன செய்தியைத் தூதரகத்துக்குத் தெரிவித்தால், ‘ஐ.நா. கேட்ட கேள்விக்குப் பதில் என்ன’ என்று அமைச்சகத்தில் கேட்க அவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. தன் நாட்டுப் பெயரில் கேட்கத் தயங்குகிற தூதரும் இப்படிக் கேட்பார். ஆனால் ஐ.நா.வை அணுகியதற்கே பழிவாங்கல் நடக்கும். சீனாவின் சாவ் ஷுன்லி 2013 செப்டம்பரில் ஜெனீவா புறப்பட்டபோது பெய்ஜிங் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டார். சிறையில் உடல்நிலை மோசமாகி 2014 மார்ச் 14 அன்று இறந்தார். ஆகவே, பயணம் போகும் நாளன்று விமான நிலையத்தில் அழைப்பை எடுக்க ஒரு தூதரக அதிகாரி தயாராக இருக்க ஏற்பாடு செய்வது அவசியம்.

மனித உரிமையை மீறியவர்களின் சொத்தை முடக்கிப் பயணத்தைத் தடுக்கும் மக்னிட்ஸ்கி வகைத் தடைகளைப் பற்றி ஒரு வரி. அமெரிக்காவில் 2016 இலிருந்தும் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2020 இலிருந்தும் உலகளாவிய சட்டங்கள் உண்டு, ஆனால் ஆவணம் தொகுத்து முடிவு வர மாதங்கள் ஓடும். இன்று சிறையில் இருப்பவருக்கு அதனால் உதவி இல்லை.

கொடுக்கும் கையே தட்டிவிடுவதும் உண்டு. பஹ்ரைன் கால்பந்து வீரர் ஹக்கீம் அல்-அராய்பி, ஆஸ்திரேலியாவால் அகதி என்று ஏற்கப்பட்டவர். பஹ்ரைன் கேட்டு வெளியான, தேடப்படுபவரைப் பிடிக்கச் சொல்லும் இன்டர்போல் சிவப்பு அறிவிப்பால் 2018 நவம்பர் 27 அன்று பாங்காக்கில் கைதானார். அவர் வருகிறார் என்று தாய்லாந்துக்குத் தகவல் போனது ஆஸ்திரேலியாவின் சொந்த இன்டர்போல் பிரிவிலிருந்து. பிறகு அதே ஆஸ்திரேலியாவின் ராஜதந்திரமும் உலகக் கால்பந்து வட்டாரத்தின் கூச்சலும் சேர்ந்து 2019 பிப்ரவரியில் அவரை விடுவித்தன. ஒரு அமைச்சகம் காக்கிறபோது இன்னொன்று காட்டிக்கொடுப்பது கெட்ட எண்ணத்தால் என்பதைவிட, ஒருவர் கோப்பு மற்றவர் மேசைக்குப் போகாததால்தான். நாடு கடந்து போகும் காப்பாளர் புறப்படுமுன் தன் பேரில் சிவப்பு அறிவிப்பு உண்டா என்று இன்டர்போலின் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வர மாதங்கள் ஆகும் என்பதால் பயணம் முடிவாகுமுன்பே எழுத வேண்டும்.

கடைசியாக, விடுதலைக்குப் பிறகு. தூதரகத்தின் கோப்பு பெரும்பாலும் ஆள் சிறைவாசலைத் தாண்டிய அன்றே மூடப்படுகிறது. அப்போது வழக்கு முடிந்திருக்காது. கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் இருக்கும், வாரம் ஒரு முறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும், பழைய வேலை போயிருக்கும். வரவேற்புப் படம் எடுத்துக்கொள்ள வருகிற அதிகாரியிடம் அன்றே ஒரு தாளைக் கொடுங்கள்: ஜாமீன் நிபந்தனைகள், பயணத் தடை எப்போது முடிகிறது, அடுத்த வாய்தா எந்த நாள், அன்று யார் வந்து உட்காரப் போகிறார்கள்.